மண்புழுப் பசளையும் கூட்டெருத் தேநீரும் உண்மையில் என்ன செய்கின்றன?

2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. இரசாயனப் பசளைக்குப் பதிலாக முன்வைக்கப்பட்ட சேதனப் பசளை என்றால் மண்ணுக்கு அமிர்தம் என்று ஒரு சாராரும், நாட்டைப் பட்டினி போட வந்த பைத்தியக்காரத்தனம் என்று மறுசாராரும் பேசுகிறார்கள். இரண்டு பக்கத்தாரும் பசளை செடிக்குள் எப்படிப் போகிறது என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இதனால் பாதிக்கப்படுவது கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடி வீட்டின் பல்கனியில் நாலு மிளகாய்க் கன்றும் ஒரு கறிவேப்பிலையும் வளர்ப்பவர்தான். ஒரு பொதி மண்புழுப் பசளை வாங்கிப் போட்டுவிட்டு, இரண்டு வாரமாகியும் இலை கறுக்கவில்லையே என்று அவர் குறைப்படுகிறார். அல்லது புழுப்பெட்டிக்கு அடியில் வடிந்த கறுத்த நீரை கூட்டெருத் தேநீர் என்று நம்பி ஊற்றி, இளங்கன்றைக் கருக்கிவிடுகிறார். இரண்டு ஏமாற்றங்களுக்கும் காரணம் ஒன்றே: செடியின் உணவு எந்த வடிவில் இருக்கிறது, அதை அந்த வடிவுக்கு மாற்றுவது யார் என்பது தெளிவாகச் சொல்லப்படவில்லை. அதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செடி எதை உண்கிறது?

செடியின் வேர் எருவை உண்பதில்லை. சாணமோ, உக்கிய இலையோ, புழுவின் எச்சமோ அப்படியே வேருக்குள் நுழைய முடியாது. நீரில் கரைந்த மிகச் சிறிய மின்னேற்றமுள்ள துணிக்கைகளையே வேர் பெரும்பாலும் உறிஞ்சுகிறது. நைதரசனை எடுத்துக்கொண்டால், அது முக்கியமாக அமோனியமாகவும் நைத்திரேற்றாகவும் வேருக்குள் போகிறது. அந்த நைத்திரேற்று யூரியாவிலிருந்து வந்ததா, மாட்டெருவிலிருந்து வந்ததா என்று வேருக்குத் தெரியாது. இந்த உண்மை இரு சாராருக்கும் அவ்வளவு ருசிப்பதில்லை. ஆனால் மற்ற எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ள இதுவே திறவுகோல்.

மதிய வேளையில் அலுவலகத்துக்கு வாங்கும் சோற்றுப் பார்சலையும் வீட்டில் அடுக்கிவைத்திருக்கும் நெல்மூட்டையையும் நினைத்துப் பாருங்கள். பார்சலை அவிழ்த்தவுடன் சாப்பிடலாம். ஆனால் மாலைவரை வைத்தால் பழுதாகிவிடும். நெல்லை உடனே சாப்பிட முடியாது. யாராவது குற்றி, உலை வைத்து வடிக்க வேண்டும். ஆனால் அது மாதக்கணக்கில் இருக்கும். யூரியா ஏறக்குறையப் பார்சல் போன்றது. மண்ணில் விழுந்த சில நாட்களுக்குள் அது அமோனியமாக மாறிவிடும். மண்புழுப் பசளையிலுள்ள நைதரசனில் பெரும்பகுதியோ புரதங்களுக்குள்ளும் பிற பெரிய மூலக்கூறுகளுக்குள்ளும் பூட்டப்பட்டிருக்கும் நெல். அதைச் சமைத்துக் கொடுப்பவை மண்ணிலுள்ள பற்றீரியாக்களும் பங்கசுக்களும். கண்ணுக்குத் தெரியாத இவ்வுயிர்களை நுண்ணங்கிகள் என்கிறோம். அவை பெரிய சேதன மூலக்கூறுகளை உடைத்து, செடி எடுக்கக்கூடிய கனிய வடிவுக்குக் கொண்டுவரும் செயலே கனியமாதல் எனப்படுகிறது.

சுருங்கச் சொன்னால், சேதனப் பசளை போடும்போது நாம் செடிக்கு நேரடியாக உணவளிப்பதில்லை. சமையற்காரருக்கு நெல்லை ஒப்படைக்கிறோம். சமையலுக்கு நேரம் வேண்டும், ஈரம் வேண்டும், காற்றும் வேண்டும்.

புழுவின் வயிற்றில் நடப்பது

மண்புழுவுக்குப் பல் இல்லை. அது விழுங்கிய பாதி உக்கிய இலையும் மரக்கறித் தோலும் தசை மிகுந்த அரைப்பையை அடைகின்றன. கூடவே விழுங்கிய மணற்பருக்கைகள் அங்கே அம்மிக்குழவியின் வேலையைச் செய்கின்றன. அரைபட்ட கூழ் குடலில் ஈரமும் சளியும் கலந்து நகரும்போது, நுண்ணங்கிகள் அதில் பல்கிப் பெருகுகின்றன. புழு தனக்கு வேண்டிய சிறு பகுதியை எடுத்துக்கொண்டு மீதியைச் சிறு மணிகளாக வெளியேற்றுகிறது. இம்மணிகளே புழுவெச்சம், இவற்றைத் திரட்டியதே மண்புழுப் பசளை.

நன்றாக முதிர்ந்த புழுவெச்சத்தை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தால் அது கறுப்பாக, தேயிலைத் தூளைவிடச் சற்றுப் பருத்த மணிகளாக இருக்கும். இறுக்கிப் பிடித்தால் கட்டியாகும். பெருவிரலால் தட்டினால் உதிரும். முதல் மழை விழுந்த தரையின் வாசம் வரும். சாணத்தின் நெடியோ புளித்த வாடையோ வந்தால் அது இன்னும் முதிரவில்லை. பொதிக்குள் தோலும் தும்பும் அடையாளம் காணக்கூடியதாக இருந்தால், எந்தப் பெயரில் விற்றாலும் அது பாதி வேலைதான்.

இந்த மணி வடிவத்துக்கு ஒரு பயன் உண்டு. மணிகளுக்கிடையே உள்ள வெளிகளில் காற்று நிற்கிறது. மணிக்குள் ஈரம் நிற்கிறது. மேலும், சேதனப் பொருள் நெடுங்காலம் உக்கியபின் எஞ்சும் கறுத்த பொருளான உக்கலின் மேற்பரப்பு மறையேற்றம் கொண்டது. ஆகவே அமோனியம், பொற்றாசியம், கல்சியம், மக்னீசியம் போன்ற நேரேற்றமுள்ள துணிக்கைகளை அது பற்றிவைத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை பெய்யும் கொழும்பில், மழைபடும் இடத்தில் வைத்த சாடிகளுக்கு இது சிறிய உதவி அல்ல. ஆனால் நைத்திரேற்றும் மறையேற்றமுள்ளது. அதை உக்கல் பிடிப்பதில்லை. ஒக்டோபர், நவம்பர் மழையில் அது சாடியின் அடித்துளை வழியே போய்விடும். நெல் மெதுவாகச் சமைக்கப்படுவது இங்கேதான் கைகொடுக்கிறது: ஒரே நாளில் எல்லாம் கரைந்து ஓடுவதில்லை.

எல்லாப் புழுவும் பெட்டிக்குள் வாழாது. தோட்டத்தைக் கொத்தும்போது ஆழத்தில் அகப்படுபவை வளை தோண்டி மண்ணைத் தின்பவை. பெட்டிக்குள் அவை நிலைப்பதில்லை. மேற்பரப்பில் குப்பைக்குள் வாழும் இனங்களே வேண்டும். ஐசீனியா பெட்டிடா, யூட்ரிலஸ் யூஜெனியே, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகிய மூன்றும் உலகெங்கும் இதற்குப் பயன்படுகின்றன. இவற்றில் முதலாவது குளிர்ச்சியை விரும்புவது. மற்ற இரண்டும் வெப்பவலயத்துக்குரியவை என்பதால் நமது காலநிலையில் தொல்லை குறைவு. எதுவானாலும் நேர்வெயில் படும் பல்கனித் தகரத்தின் கீழ் பெட்டியை வைப்பது கொலைக்குச் சமம்.

எத்தனை கிராம் நைதரசன்?

இங்கேதான் பேச்சு அதிகம் தடம்புரள்கிறது. ஆகவே கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். மண்புழுப் பசளையில், புழுவுக்குப் போட்ட தீனியைப் பொறுத்து, உலர்ந்த நிறையில் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம். நடுவே 1.5 சதவீதம் என்று கொண்டால், ஒரு கிலோ உலர்ந்த மண்புழுப் பசளையில் 15 கிராம் நைதரசன் இருக்கும். அதே அளவு நைதரசன் சுமார் 33 கிராம் யூரியாவில் இருக்கிறது. கடையில் வாங்கும் பொதியை ஈரத்தோடு சேர்த்தே நிறுக்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. தண்ணீருக்கும் நாம் காசு கொடுக்கிறோம்.

இதே கணக்கை வயலுக்குக் கொண்டுபோனால் 2021 இல் நடந்தது விளங்கும். ஒரு ஹெக்டெயர் நெற்பயிருக்கு 100 கிலோ நைதரசன் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 1.5 சதவீதப் பசளையில் ஏறத்தாழ 6.7 தொன் தேவை. அதுவும் முழு நைதரசனும் அதே போகத்தில் வெளிவரும் என்ற கற்பனையில். உண்மையில் ஒரு பகுதியே வெளிவருகிறது என்பதால் தேவை இன்னும் பல மடங்கு. ஆறு மாத அவகாசத்தில் ஒரு நாடு முழுவதற்கும் அதை உற்பத்தி செய்து, ஏற்றி இறக்கி, பரப்பி முடிக்கலாம் என்று எண்ணியது சேதனப் பசளையின் குற்றம் அல்ல. கணக்குப் போடாதவர்களின் குற்றம். பல்கனியில் உள்ள பத்துச் சாடிகளுக்கோ அதே பசளை தாராளமாகப் போதும். ஆகவே ஒரு பொருளை நல்லது, கெட்டது என்று தீர்ப்பதற்கு முன் எவ்வளவு பரப்புக்கு என்று கேட்பதே நியாயம்.

ஒன்றாகக் குழப்பப்படும் மூன்று கறுத்த நீர்கள்

புழுப்பெட்டியோடு தொடர்புடைய மூன்று திரவங்கள் உண்டு. மூன்றும் கறுப்பு அல்லது கபில நிறம். மூன்றையும் பலர் ஒரே பெயரால் அழைத்து ஒரே போத்தலில் நிரப்புகிறார்கள்.

முதலாவது கசிநீர். தீனியில் ஈரம் மிகும்போது பெட்டியின் அடியில் தானாக வடிவது இது. உக்கி முடியாத கழிவின் சாறு அதில் கலந்திருக்கும். உப்பும் நோய்க்கிருமிகளும் இருக்கக்கூடும். காற்றில்லாத தட்டில் நாட்கணக்கில் தேங்கியதால் வேரைத் தாக்கும் அமிலங்களும் உண்டாகியிருக்கலாம். இது பெட்டியில் ஈரம் கூடிவிட்டது என்பதற்கான அறிகுறியே தவிர, அறுவடை அல்ல. சிலர் நன்றாக ஐதாக்கி மரங்களின் அடியில் ஊற்றுவார்கள்; சாடிக் கன்றுகளுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இரண்டாவது புழுக் கழுவுநீர். புழுக்கள் வேலை செய்து முடித்த படுக்கையின் மேலிருந்து நல்ல நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழே சேகரிப்பது. படுக்கை முதிர்ந்திருந்தால் இந்த நீர் கசிநீரைவிடப் பல மடங்கு மேலானது. முதிராவிட்டால் அதுவும் கசிநீரே.

மூன்றாவதே கூட்டெருத் தேநீர். முதிர்ந்த கூட்டெருவை அல்லது புழுவெச்சத்தை நீரில் ஊறவைத்து, பெரும்பாலும் காற்றுச் செலுத்தி, கரையக்கூடிய கனியங்களையும் மணிகளில் ஒட்டியிருக்கும் நுண்ணங்கிகளையும் நீருக்குள் இறக்கி எடுப்பது. இதன் இயல்பைப் புரிந்துகொள்ளச் சோற்றுப் பானையிடமே திரும்பலாம்: கூட்டெரு சோறு என்றால், தேநீர் வடிகஞ்சி. கஞ்சியில் சத்து இல்லை என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் கஞ்சியை மட்டும் குடித்து உடம்பு தேறாது. ஒரு கிலோ புழுவெச்சத்தை 10 லீற்றர் நீரில் ஊறவைத்து, அதிலுள்ள 15 கிராம் நைதரசனில் பத்தில் ஒரு பங்கு கரைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லீற்றருக்கு 0.15 கிராம். அரை லீற்றர் ஊற்றிய சாடிக்கு அதிற் பாதி. அதே சாடியில் 100 கிராம் புழுவெச்சத்தைத் தூவியிருந்தால், மெதுவாக வெளிவருவதானாலும், 1.5 கிராம் நைதரசன் வந்து சேர்ந்திருக்கும்.

கசிநீர் கழிவு, கழுவுநீர் முதிர்ந்த படுக்கையின் சாறு, தேநீர் முதிர்ந்த எருவின் ஐதான வடிநீர். மூன்றில் எதுவும் எருவுக்கு மாற்று அல்ல.

வாளிக்குள் காற்று ஏன் வேண்டும்?

கூட்டெருவின் பயனுள்ள நுண்ணங்கிகளில் பெரும்பாலானவை நம்மைப் போல ஒட்சிசனைச் சுவாசிப்பவை. வாளி நீரில் இறங்கியதும் அவை கரைந்துள்ள ஒட்சிசனை விரைவாகத் தீர்த்துவிடுகின்றன. அது தீர்ந்தபின் ஒட்சிசன் இல்லாமல் வாழும் பற்றீரியாக்களின் ஆட்சி தொடங்கும். அழுகிய முட்டை வாடை அவற்றின் அறிவிப்பு. குளிர்நீரைவிட வெந்நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். 15 பாகை செல்சியஸ் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் கரையுமென்றால், கொழும்பில் வாளி நீர் இருக்கும் 27, 28 பாகையில் அது 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. அதே வெப்பத்தில் நுண்ணங்கிகள் இன்னும் வேகமாகச் சுவாசிக்கின்றன. குளிர்நாட்டுக் குறிப்புகளில் காணப்படும் இரண்டு நாள் ஊறலை நாம் அப்படியே பின்பற்றத் தேவையில்லை என்பதற்கு இதுவே காரணம். இங்கே ஒரு நாள் போதும்.

செய்முறை எளிது. குழாய் நீரை அகன்ற வாளியில் பிடித்து ஓர் இரவு திறந்து வையுங்கள்; கிருமி நீக்கத்துக்காகச் சேர்த்த குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். 10 லீற்றருக்கு அரை முதல் ஒரு கிலோ முதிர்ந்த புழுவெச்சத்தைப் பழைய பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிட்டு, மீன்தொட்டிக்கு வைக்கும் காற்றுப் பம்பியின் குழாயை அடிவரை விடுங்கள். 24 மணித்தியாலத்தில் நீர் சாயத் தேநீரின் நிறத்துக்கு வரும். மண்வாசம் மாறாமல் இருக்கும். வாசம் கெட்டிருந்தால் செடிக்கு ஊற்றாதீர்கள். நல்லதாக வந்ததையும் பம்பியை நிறுத்திய சில மணித்தியாலங்களுக்குள் ஊற்றி முடிக்க வேண்டும். மூடிய போத்தலில் மாதக்கணக்காகக் கடைத் தட்டில் இருப்பது வேறு ஏதாவதாக இருக்கலாம். காற்றைச் சுவாசிக்கும் உயிர்கள் நிறைந்த தேநீராக இருக்க முடியாது.

மேலே பொங்கும் நுரையைத் தரத்தின் அடையாளமாகக் காட்டும் காணொளிகள் ஏராளம். புரதமும் சேதனப் பொருளும் கரைந்த எந்த நீருக்குள் காற்றை ஊதினாலும் நுரை வரும். நுரையைப் பார்த்து மகிழலாம். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

சர்க்கரையும் பச்சையாக உண்ணும் கீரையும்

பல செய்முறைகள் நுண்ணங்கிகளைப் பெருக்குவதற்காகக் கரும்புப்பாகையோ சர்க்கரையையோ சேர்க்கச் சொல்கின்றன. இதில் எச்சரிக்கை வேண்டும். சர்க்கரை நல்ல நுண்ணங்கி, கெட்ட நுண்ணங்கி என்று பார்த்துப் பரிமாறாது. எருவில் ஈ. கோலை, சல்மொனெல்லா போன்ற குடல்நோய்க் கிருமிகள் மிகச் சிறிய அளவில் எஞ்சியிருந்தாலும், சர்க்கரை சேர்த்த தேநீரில் அவை மீண்டும் பெருகக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

புழுப்பெட்டியில் இந்த அச்சத்துக்கு இன்னுமொரு காரணம் உண்டு. சரியாகக் குவித்த சூட்டுக் கூட்டெருக் குவியல் 55 பாகைக்கு மேல் சூடேறும். அச்சூட்டில் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெருமளவு அழியும். புழுப்பெட்டி சூடேறுவதில்லை, ஏறினால் புழு செத்துவிடும். உங்கள் மண்புழுப் பசளையிலிருந்து தானாகத் தக்காளியும் பூசணியும் முளைப்பது இதனால்தான். பசுஞ்சாணத்தை நேரே பெட்டியில் கொட்டாமல், முதலில் சில வாரம் குவித்து உக்கவைத்துப் பின் புழுவுக்குக் கொடுப்பது பாதுகாப்பானது. எப்படிச் செய்தாலும், வல்லாரை, சலாது போன்று பச்சையாக உண்ணும் இலைகளின்மேல் தேநீரைத் தெளிக்க வேண்டாம், மண்ணில் ஊற்றுங்கள்.

இலையில் தெளித்தால் பூஞ்சண நோய்கள் போய்விடும் என்ற பேச்சும் உண்டு. சில பரிசோதனைகளில் நோய் குறைந்திருக்கிறது. வேறு சிலவற்றில் வெறும் நீருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒவ்வொரு வாளியிலும் உள்ள உயிர்க்கூட்டம் வேறு என்பதால் இப்படி முரண்படுவதில் வியப்பில்லை. மருந்தாக நம்பி இருப்பதைவிட, நோயுற்ற இலையைக் கிள்ளி எறிந்து காற்றோட்டம் கொடுப்பது மேல்.

பெட்டிக்குள் என்ன போடுவது?

2017 ஏப்ரலில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, உக்கும் குப்பையை வேறாக்கும் பழக்கம் நகரில் கொஞ்சம் வேரூன்றியிருக்கிறது. அந்த வாளியிலுள்ள மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல், நொறுக்கிய முட்டைக் கோது எல்லாம் புழுவுக்கு ஆகும். அவற்றோடு கிழித்த பத்திரிகைத் தாளோ தும்புத்தூளோ சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி சேறாகும். மீன், இறைச்சி, எண்ணெய், உப்பிட்ட கறி மிச்சம் ஆகாது. தேங்காய்ப்பூச் சக்கையில் எண்ணெய் இருப்பதால் அது கொஞ்சமாகவே நல்லது. தேசிக்காய்த் தோலும் அப்படியே.

சாடிக்கு எவ்வளவு?

அதிகம் போட்டால் அதிகம் வளரும் என்பது இங்கே செல்லாது. சாடிக் கலவையில் பத்துக்கு ஒன்று முதல் ஐந்துக்கு ஒன்று வரை புழுவெச்சம் சேர்ப்பதே பொதுவாக நல்ல பலனைத் தருகிறது. தனிப் புழுவெச்சத்தில் நட்ட நாற்று உப்பு மிகுதியாலும் ஈரம் வடியாமையாலும் குன்றிப்போகலாம். வளர்ந்த செடிக்கு மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடியை மேல்மண்ணில் கிளறிவிட்டு, காயாமல் சருகால் மூடினால் போதும். தேநீரை விரும்பினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பெருமழை விட்டபின், வேரடியில் ஊற்றலாம்.

காய்த்துத் தள்ளும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் சிறிய சாடியில் இது போதாமற் போவதுண்டு. அடியிலைகள் முதலில் வெளிறி மஞ்சளாவது நைதரசன் பற்றாக்குறையின் வழமையான அடையாளம். அப்போது இரசாயனக் கலவைப் பசளையைக் கொஞ்சம் சேர்ப்பதால் கொள்கை ஒன்றும் கெட்டுவிடாது. சாடியிலுள்ள உக்கல் அதன் அமோனியத்தையும் பொற்றாசியத்தையும் பிடித்துவைக்கும். ஆனால் எதையும் ஊற்றுவதற்கு முன் சாடியைச் சரித்து அடித்துளையைப் பாருங்கள். துளை அடைத்து நீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும். அந்நிலையில் ஈர்க்கினால் குத்தித் துளையைத் திறப்பதே முதல் வேலை.